கறுப்புக் கரை

பஸ்தியாம்பிள்ளை: ...அப்ப இது உங்களுக்கு இஞ்சை லண்டனிலை, வால்தம்ஸ்டோ மாக்கற்றிலையோ கிடைச்சது?

சிவகௌரி: ஓம் அண்ணை. பழைய சாமான் விக்கிற ஒருத்தனிட்டை. ஆரின்ரை கொடி எண்டு இன்ரநெற்றிலை தேடினா, உங்கட பக்கம் வந்தது. ‘பிரிங்ஹூசன் கப்பல் கொம்பனி, ஹம்பேர்க்: கொடிகளும் கதையும்.’ எழுதினது பஸ்தியாம்பிள்ளையாம். எங்கட ஆளோ எண்டு ஆச்சரியப்பட்டுப் போனன்!

பஸ்தியாம்பிள்ளை: பத்து வருசம் அவையின்ரை கப்பலிலை குசினியிலை சமையல்காரனா நிண்டனான், தங்கச்சி. பென்சன் எடுத்தாப் பிறகு வேறை என்ன வேலை? விரியுங்கோ பாப்பம்... என்ன, ஈரமாக் கிடக்கு? மழையிலை நனைஞ்சதோ?

சிவகௌரி: இண்டைக்கு எங்கை மழை? ஹீற்றருக்கு மேலை போட்டும் பாத்தன். அயன் பண்ணியும் பாத்தன். காயுதில்லை.

பஸ்தியாம்பிள்ளை: நைலோன் எண்டா உடனை காயுமே... சரி, விடுங்கோ. இஞ்சை பாருங்கோ. வெள்ளைத் துணி, நடுவிலை சிவப்புத் திறப்பு. ஆயிரத்தெண்ணூத்தி அறுபத்தெட்டிலை முதல் பிரிங்ஹூசன் பாய்க்கப்பலிலை ஏத்தின கொடி. ஆளின்ரை தேப்பன் பூட்டுச் செய்யிறவர். அதுதான் திறப்பு.

சிவகௌரி: சுத்திவர இந்தக் கறுப்புக் கரை?

பஸ்தியாம்பிள்ளை: அது பிறகு வந்தது. முதலாம் யுத்தத்திலை மகன் கடலோடை போட்டான். இருந்த கப்பலெல்லாத்தையும் யுத்தத்திலை வெண்ட நாடுகள் பறிச்சுக்கொண்டு போட்டினம். பிரிங்ஹூசன்ரை மனிசி ஒரேயொரு பழைய கப்பலை வாங்கி, மகன்ரை நினைவுக்குக் கொடியிலை கறுப்புக் கரை தைச்சவ. அறுபது வருசம் அந்தத் துக்கக் கொடிதான் பறந்தது.

சிவகௌரி: எப்ப விட்டவை?

பஸ்தியாம்பிள்ளை: எழுபத்தொன்பதிலை. கொம்பனி கை மாறினவுடனை புது முதலாளிமார் கரையை எடுத்துப் போட்டினம்.

சிவகௌரி: எல்லாக் கப்பலிலையுமோ?

பஸ்தியாம்பிள்ளை: ...ஓம். எல்லாத்திலையும்.

சிவகௌரி: அப்ப இந்த மூலையைப் பாருங்கோ. தைச்ச கடையின்ரை முத்திரை. ‘ஹம்பேர்க், 1984.’

பஸ்தியாம்பிள்ளை: ...தேத்தண்ணி ஆறப்போகுது. குடியுங்கோ.

சிவகௌரி: உங்கட பக்கத்திலை ஒரு வரி இருந்தது அண்ணை. ‘எல்சா கப்பலின்ரை கப்டன் மட்டும் பழைய கொடியை விடமாட்டனெண்டு நிண்டவர்’ எண்டு. போன கிழமை வரட்டோ எண்டு உங்களுக்குப் போன் எடுத்தன். அடுத்த நாள் பாத்தா அந்த வரியைக் காணேல்லை.

பஸ்தியாம்பிள்ளை: நீங்கள்... நீங்கள் ஆர்?

சிவகௌரி: எண்பத்தஞ்சிலை கொழும்புத் துறைமுகத்திலை மூண்டு பொடியள் எல்சாவிலை ஒளிச்சு ஏறினவங்கள். ஒருத்தன் என்ரை அண்ணன். நித்தியானந்தன்.

பஸ்தியாம்பிள்ளை: அவங்கள்... ஏடன் துறைமுகத்திலை ஆருக்கும் தெரியாமல் இறங்கிப் போட்டாங்கள். கப்பல் குறிப்புப் புத்தகத்திலை கப்டன் அப்பிடித்தான் எழுதினவர்.

சிவகௌரி: கப்டன் எழுதினதை நான் கேக்கேல்லை.

பஸ்தியாம்பிள்ளை: கையை எடுங்கோ தங்கச்சி. துணியிலையிருந்து தண்ணி மேசையெல்லாம் ஓடுது.

சிவகௌரி: நான் தொடவேயில்லை. நீங்கள்தான் பிடிச்சுக்கொண்டிருக்கிறியள்.

பஸ்தியாம்பிள்ளை: ...உப்பு மணக்குது.

சிவகௌரி: சொல்லுங்கோ அண்ணை.

பஸ்தியாம்பிள்ளை: நாலாம் நாள் பிடிபட்டவங்கள். துறைமுகத்திலை பிடிச்சுக் குடுத்தா கொம்பனிக்குத் தண்டம், கப்டனுக்கு வேலை போயிடும். பொழுதுபட்டு மைம்மல் நேரம்... பீப்பாவும் பலகையும் கட்டின மிதவை ஒண்டை இறக்கச் சொன்னார். பொடியளுக்கு ஜேர்மன் விளங்கேல்லை. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு குளறினாங்கள். கப்பலிலை தமிழ் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான்.

சிவகௌரி: என்ன சொன்னனீங்கள்?

பஸ்தியாம்பிள்ளை: கப்டன் சொல்லச் சொன்னதை... ‘தம்பியவை, பயப்பிடாதேங்கோ. அந்தா கறுப்பாத் தெரியுது, அதுதான் கரை. ரெண்டு மணித்தியாலத்திலை போயிடலாம்’ எண்டு. தமிழிலை சொன்னவுடனை நம்பி இறங்கினாங்கள். சின்னவன் என்னைப் பாத்து ‘நன்றி அண்ணை’ எண்டான்.

சிவகௌரி: அது கரையோ?

பஸ்தியாம்பிள்ளை: ...மழை முகில்.

சிவகௌரி: கரை எங்கை இருந்தது?

பஸ்தியாம்பிள்ளை: முன்னூறு மைலுக்கு அங்காலை. குளிருமே எண்டு கொடியைக் கழட்டி எறிஞ்சனான். அவ்வளவுதான் எனக்கு ஏலுமாயிருந்தது... இருபத்திரண்டு வருசம். மனிசிக்கும் சொல்லேல்லை, கோயிலிலை சுவாமிக்கும் சொல்லேல்லை. இந்தத் துணி எங்கையோ ஒதுங்கி, கைமாறி உங்களிட்டை வந்திருக்கு. மன்னிப்புக் கேக்க அவங்களிலை ஒருத்தனும் மிஞ்சேல்லையே.

சிவகௌரி: இது மாக்கற்றிலை வாங்கினதில்லை அண்ணை. எட்டாம் நாள் ஒரு மீன்பிடிக் கப்பல் மிதவையைக் கண்டது. இதைப் போர்த்துக்கொண்டு ஒருத்தன் கிடந்தவன்.

பஸ்தியாம்பிள்ளை: மாதாவே... ஆர்?

சிவகௌரி: என்ரை அண்ணன். ஃபாரஸ்ட் கேட்டிலை என்னோடைதான் இருக்கிறான்.

பஸ்தியாம்பிள்ளை: உயிரோடையோ! அப்ப மற்ற ரெண்டு பேரும்?

சிவகௌரி: மிதவை நகரேல்லை எண்டு அண்டைக்கே குதிச்சு நீந்தினவங்கள். நீங்கள் காட்டின கரைக்கு. அவங்கள் போய்ச் சேந்திட்டாங்கள், தன்னை மட்டும்தான் பிறகு காத்து நடுக்கடலுக்கு இழுத்துப் போட்டுது எண்டு அண்ணன் இன்னும் நம்புறான். கூட நீந்தப் பயந்தவன் எண்டு இத்தனை வருசமாத் தன்னைத்தானே திட்டுறான்... இப்ப கீழை காருக்குள்ளை இருக்கிறான். எழும்புங்கோ அண்ணை. அது முகில் எண்டு நான் சொன்னா நம்பான். உங்கட குரலிலைதான் அவன் கேக்கவேணும்.