சூசை அண்ணன் சற்று உயரமாகக் கிடந்தார்

எனக்கு முந்தின நாள் மீன் குழம்புதான் பிடிக்கும், ஃபாதர். இந்தக் கோயில் கமிட்டியிலும் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதனால் நான் சொல்வது உங்களுக்கு எளிதாகப் புரியும்.

மஸ்கட்டில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல்காரனாக இருந்தேன். அங்கே ஆரஞ்சுச் சாறு வற்றவைத்து உறைந்த கட்டியாக வரும். ஒரு டப்பாக் கட்டியைக் கரைத்தால் ஒரு அண்டா சாறு. அத்தனை பாட்டிலும் குப்பைக்குப் போகாமல் மிச்சம். நாம் தண்ணீரையும் பிளாஸ்டிக்கையும்தான் வீணாகச் சுமந்து திரிகிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கடியப்பட்டணத்துக்குத் திரும்பினால், சாளை மீன் மலிந்த நாளில் பாதி கரையிலேயே அழுகுகிறது. கடையில் ஒரு குழம்பு வாங்கினால் கவருக்குள் கவர், அதற்குள் இன்னொரு கவர். அந்தக் கவர்களெல்லாம் கடைசியில் நம் வலையில்தான் வந்து மாட்டுகின்றன. எனக்குப் பொறுக்கவில்லை. குழம்பில் முள்ளை எடுத்து, அல்வா பதத்துக்கு வற்றவைத்து, வாழையிலையில் பொதிந்து உறைய வைத்தேன். உள்ளங்கை அகலக் கட்டி ஒன்றில் வெந்நீர் ஊற்றினால் ஒரு வீட்டுக்கே போதும். எதிலும் குறை காணும் என் மனைவி ஷிஜியே தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன தினசரி கரண்ட் கட்டு தொடங்கியது. வீட்டு ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாகிவிட்டது. ஊரில் ஜெனரேட்டரோடு ஓடும் குளிர்பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. ஆமாம் ஃபாதர், நம் கோயில் பெட்டிதான். இறந்தவர்களைக் கிடத்தும் கண்ணாடிப் பெட்டி.

ஊரில் தினமும் ஆள் சாவதில்லை. அவ்வளவு நல்ல பெட்டி சும்மா கிடப்பதும் ஒருவகை வீண்தானே. குளிர் போதவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கூட்டி வைத்தேன். டீசலை நானே ஊற்றினேன்.

பக்கத்து வீட்டு சூசை அண்ணன் இறந்தது ஒரு மத்தியான நேரம். மகன் கிளீட்டஸ் ஓடி வந்தான்.

"ரத்தினம் சித்தப்பா, பெட்டி வேணும். அப்பா போயிட்டாரு."

அன்றைக்குப் பெட்டி நிறையக் கட்டிகள். வெளியே எடுத்தால் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். வேறு குளிர் ஊரில் இல்லை. நிதானமாக யோசித்தேன். கட்டிகளை ஒரே மட்டமாகப் பரப்பி, மேலே வெள்ளைத் துணி விரித்தேன். அதன்மேல் அண்ணனைக் கிடத்தினோம்.

மகள் பெபிஷா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "அப்பா என்னா இப்பிடி பொங்கி ஒசரமா கெடக்காரு?"

"தூரத்துல நிக்கவங்களுக்கும் முகம் தெரியாண்டாமா, மக்கா" என்றேன்.

கூட்டி வைத்த குளிரில் அவர் மீசை வெளுத்துப் பனி பிடித்தது. மாலை போட மூடியைத் திறந்தபோது புளியும் மிளகாயும் கலந்து ஒரு மணம் எழும்பியது. அவர் மனைவி ஜெபகனி மதினி மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"அவருக்குப் பிடிச்ச சாளைக் குழம்பு மணக்கு. அவரு நம்மள விட்டுப் போவல்ல" என்று முழங்காலிட்டார். கூட்டமே முழங்காலிட்டது. நீங்களும் முழங்காலிட்டீர்கள், ஃபாதர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்தது. துக்க வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் கட்டிகளைக் கரைத்துக் கொதிக்கவைத்து நானே கொண்டுபோனேன். அழுது ஓய்ந்தவர்கள் நல்ல பசியோடு சாப்பிட்டார்கள். மதினி மறுசோறு வாங்கினார். ஒரு சொட்டுக்கூட மிஞ்சவில்லை. அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

கடைசி உருண்டையில் கிளீட்டஸின் பல்லில் ஏதோ கடிபட்டது. எடுத்துப் பார்த்தான். வெள்ளைப் பட்டன், நீல நூலோடு. அண்ணனைத் தூக்கும்போது கைப்பட்டன் கழன்று, துணி விலகிய இடத்தில் இலை கிழிந்த கட்டியில் ஒட்டியிருக்க வேண்டும்.

"இது நான் தச்ச பட்டனுல்லா" என்றாள் பெபிஷா. "அப்பா போட்டுட்டுப் போன சட்டையில உள்ளது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கழுவினா இன்னொரு சட்டைக்கு ஆவும், மக்கா" என்றேன். அதை அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஷிஜி பிறகு சொன்னாள். இருக்கலாம்.

இதுதான் முதல் தடவையா என்று கேட்கிறீர்கள். மீன் குழம்பு முதல் தடவைதான். வேளாங்கண்ணி அக்கா பெட்டியில் கிடந்தபோது அடியில் இருந்தது வெறும் பாயசம். அது ஈஸ்டருக்குக் கமிட்டி வீடுகளுக்கு வந்தது. யாரும் மிச்சம் வைக்கவில்லை.

பெட்டியில் வைத்தேன், பரிமாறினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இறந்தவரை அவமதித்தேன் என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அவருக்கும் மேல்கண்ணாடிக்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருந்தது, ஃபாதர். அவர்மேல் வைத்திருந்த மரியாதையால்தான் அத்தனையையும் அடியில் வைத்தேன்.