மின்னல் பிளந்த கருவாலியும் தில்பர்க் அம்மையாரும்

மடத்துத் தலைவி ஹில்டிகித் அம்மையாரே, சகோதரிகளே, ஆற்றின் இரு கரையிலிருந்தும் வந்திருக்கும் உழவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெருநிலக்காரர் வேர்மண்ட் அவர்களே, வணக்கம். வேர்மண்ட் அவர்கள் வந்தது நல்லது. வராதிருந்தால் என் பேச்சில் பாதியை நான் விழுங்க வேண்டியிருக்கும்.

நம் மடத்தின் ஏடுகாப்பாளர் தில்பர்க் அம்மையாரை நேற்று அடக்கம் செய்தோம். பாடை கடந்தபோது மாடுகள் மண்டியிட்டன என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

இருபத்தாறு ஆண்டுகளாக, ஒவ்வொரு வசந்தத்திலும் நம் நில எல்லையை நடந்தே சுற்றியவர் யார்? தில்பர்க். நம் நிலப் பட்டயத்தில் எல்லையாக எழுதிய சிவந்த ஓடையையும் நரிமேட்டையும் கையால் தொட்டுப் பார்த்தவர் யார்? தில்பர்க். ஒருமுறை முழங்கால் வீங்கி மாட்டுவண்டியில் போனார். வண்டிக்காரர் கேலி செய்தார்: "ஏம்மா, எல்லை எங்கயாச்சும் ஓடிப்போயிடுமா?"

"அது ஓடாதுப்பா. நகர்த்தத்தான் ஆள் இருக்காங்க."

அந்த ஆள் இந்த அறுவடைக்குப் பின் ஒரு பட்டயத்தோடு ஊர்மன்றத்துக்கு வந்தார். நம் ஆற்றுப் புல்வெளியை முப்பது ஆண்டுக்கு முன் மன்னர் வேர்மண்ட் அவர்களின் தந்தைக்குக் கொடுத்தாராம். அந்த வைக்கோல் இல்லாவிட்டால் குளிர்காலத்தில் முதலில் மாடுகள் சாகும், பிறகு நாம். தில்பர்க் அதை இருமுறை வாசித்தார். அதில் எல்லை, மின்னல் பிளந்த கருவாலி மரத்தில் தொடங்கியது.

"ஐயா, இந்த மரம் எப்போ பிளந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? பழைய மரம்."

"போன கோடையிலதான். கீழ நின்ன உங்க காளையும் செத்துச்சு. மூணு நாள் நீங்க சாப்பிடலைன்னு ஊரே பேசிச்சே. இடி எங்க விழும்னு முப்பது வருஷம் முன்னாடியே மன்னருக்கு யார் சொன்னது?"

மன்றமே சிரித்தது. வேர்மண்ட் அவர்கள் சிரிக்கவில்லை. "ரொம்ப நடக்காதீங்கம்மா. கரையெல்லாம் வழுக்குது," என்றார்.

அதிலிருந்து பதினோராம் நாள் தில்பர்க்கை, மாவரைக்கும் நீராலையின் மடுவிலிருந்து தூக்கினோம். கரை வழுக்கிவிட்டதாம். உடலைக் கழுவியவள் நான். கழுத்தின் இரு பக்கமும் விரல் தடங்கள். தண்ணீருக்கு விரல் உண்டா?

வரும் திங்களன்று வேர்மண்ட் அவர்கள் மன்றத்தில் நின்று, தன் கை சுத்தம், தன் பட்டயமும் மெய் என்று சத்தியம் செய்யப்போகிறார். அந்தச் சத்தியம் உண்மை என்று இன்னும் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்தால் அவர் வீட்டுக்குப் போகலாம். புல்வெளியும் அவரோடு போகும். அதுதான் நம் சட்டம். பன்னிரண்டு பேரும் கிடைத்துவிட்டார்களாம். ஏழு பேர் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரான ஆலைக்காரர் எசி நேற்று என்னிடம் சொன்னார்: "என்ன பண்றது அக்கா, ஆலை அவரு நிலத்துலதானே நிக்குது. நான் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

ஒரு வார்த்தைதான், எசி. உன் மடுவில் கிடந்தவரைப் பற்றிய வார்த்தை.

மன்னிப்பைப் பற்றிப் பேசும்படி தலைவி அம்மையார் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமைக்குப் பிறகு பேசுகிறேன். தில்பர்க்குக்காக வாள் எடுக்க அண்ணன் தம்பி கிடையாது. என்னிடம் இருப்பது இறகுப் பேனா சீவும் கத்தி மட்டும்.

பலிபீடத்தின் மேல் இருக்கும் பெயரேடு உங்களுக்குத் தெரியும். அதில் உள்ள பெயர்களை, இந்த மடம் நிற்கும்வரை நாங்கள் வாசித்து வேண்டுவோம். கொடையாளர் வேர்மண்டின் பெயரும் அதில் இருந்தது. இன்று காலை அதைச் சுரண்டி எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் தில்பர்க்கின் பெயரை எழுதினேன். அதன் கீழே பன்னிரண்டு கோடுகள் இழுத்து, காலியாக விட்டிருக்கிறேன்.

தில்பர்க் அம்மையாரின் வேலை இனி என்னுடையது. வசந்தத்தில் எல்லையை நான் நடப்பேன். திங்களன்று மன்றத்துக்கும் வருவேன். சத்தியம் செய்கிறவர் பெயரும், யாருக்காகச் செய்தார் என்பதும் அந்தக் கோடுகளில் ஏறும். ஆண்டுதோறும் இதே நாளில், உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும்போது, உரக்க வாசிக்கப்படும்.

மை கரைத்து வைத்துவிட்டேன். கோடுகள் காலியாகவே இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை.