காலைப் பார்க்காதே

கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டை. இருவர் மடியிலும் பாக்ஸிங் கிளவுஸ் இருந்தது. ஒரே பொட்டலத்து வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தார்கள். தோலை ஜன்னல் பக்கம் ஊதி என் மேல் விடாமல் காகிதத்திலேயே போட்டார்கள். அவ்வளவு பதவிசானவர்களின் பேச்சை ஒட்டுக்கேட்டதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

புதுச்சத்திரம் தாண்டியதும் குட்டைப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: “சாயங்காலம் உன் வயித்துலயேதான் குத்தப் போறேன்.”

“மொதல்ல கிட்ட வா. என் கை உன்னுத விட நீளம்.”

“நீ இடது கைக்காரி, வலது கால முன்னாடி வெப்ப. அதுக்கு வெளிப்பக்கமா என் இடது கால வெச்சி உள்ள பூந்துடுவேன். அப்புறம் உன் நீளக் கை எதுக்கு ஆவும்?”

“நம்ம வெயிட்டுல ஒருத்திதான் டீமுக்குப் போவ முடியும். இன்னிக்கி ஜெயிக்கிறவதான் போவா. தெரிஞ்சும் பிளான என்கிட்டயே சொல்றியேடி?”

“வேணும்னுதான் சொல்றேன். இனிமே நீ என் காலயேதான் பாப்ப. கால பாத்தா கை வர்றது தெரியாது.”

“நானாவது, உன் கால பாக்கறதாவது.” நெட்டைப் பெண் சிரித்து, கடைசிக் கடலையைத் தோழியின் கையில் வைத்தாள்.

சிதம்பரத்தில் குட்டைப் பெண் முதலில் இறங்கி, “வாடி” என்று திரும்பிக் கூப்பிட்டாள். எனக்கு முன்னால் படியில் நின்ற நெட்டைப் பெண் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.