சுரண்டாத கார்டு

— லாஜிக்கா பேசுவோம் உம்மு பஸ்மலா. இது உங்க பொண்ணு நம்பர்தானா, இல்லையா?

— அவ நம்பர்தான் மிஸ்டர். இல்லேன்னு நான் சொல்லவே இல்லையே.

— அப்புறம் என்ன பேச்சு? டெலிகிராம்ல ஊரெல்லாம் சுத்துறது என்னோட கெமிஸ்ட்ரி நோட்ஸ். எந்தப் பிள்ளை ஃபைலைத் திறக்குதோ, அந்தப் பிள்ளையோட நம்பர் ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்கே தானா விழும். அதுதான் நாங்க வெச்சிருக்கற பூட்டு. விழுந்திருக்கறது உங்க பொண்ணு பஸ்மலா நம்பர்.

— பூட்டு நல்ல பூட்டுதான். திருடனைப் பிடிச்ச லட்சணம்தான் சரியில்ல.

— அடேயப்பா, வாயைப் பாருங்க மிஸ்டர்! வாட்ச்மேனைக் கூப்பிடட்டுமா?

— நீ சும்மா இரு ஃபிக்ரி. ஆபீஸைப் பார்த்துக்கறதோட உன் வேலை முடிஞ்சுது. நான் பேசிக்கறேன்.

— பேசட்டும் மிஸ்டர். இந்தத் தம்பிதானே எனக்கு நோட்ஸ் திறக்கற கார்டு வித்தது. அன்னிக்கு மட்டும் "வாங்கம்மா, உட்காருங்கம்மா, டீ சாப்பிடுங்கம்மா"ன்னு என்ன தேன்! இன்னிக்கு வாட்ச்மேனாம்.

— உங்க கோபம் எனக்குப் புரியுது. ஆனா கார்டு வாங்கறப்பவே சொல்லித்தான் குடுக்கறோம். இந்த நோட்ஸ் வாங்கினவங்களுக்கு மட்டும்தான். அடுத்தவங்களுக்கு அனுப்பக் கூடாது, பிரிண்ட் போடக் கூடாது. மீறினா வகுப்பை விட்டு வெளிய. நான் ராத்திரி பகலா கண்ணு விழிச்சு எழுதினதும்மா. யாரோ ஒரு பிள்ளை ஓசியில பரப்பிட்டா என் உழைப்பு என்ன ஆறது?

— உங்க உழைப்பு உழைப்பு. என் பொண்ணு மானம் மட்டும் கோழி இறகா, ஊதிவிட? உங்க குரூப்ல அவ பேரு, அவ போட்டோ, அதுக்குக் கீழே "திருடி"ன்னு போட்டீங்களே, ஹில்மி மிஸ்டர். நம்ம இம்பாபா பேட்டையில யார் வீட்டுப் போன்ல அது இல்ல? ரொட்டிக் கடை வரிசையில நின்னா பொம்பளைங்க என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துறாங்க. சனிக்கிழமை தானவிய்யா பரீட்சை. பன்னிரண்டு வருஷம் படிச்சதுக்கு அந்த ஒரு பரீட்சைதான் கணக்கு. பிள்ளை புத்தகத்தைத் தொட மாட்டேங்கறா. ஒரு பருக்கை சோறு உள்ள இறங்கல.

— செஞ்சதுக்குத் தண்டனை வேணும்ல?

— செஞ்சிருந்தா நானே கையை ஒடிச்சிருப்பேன். இந்தாங்க. இதைப் பாருங்க.

— என்ன இது?

— நீங்க வித்த கார்டு. மேல இந்தத் தம்பி பேனாவால எழுதின பேரும் நம்பரும் இருக்கு. திருப்பிப் பாருங்க மிஸ்டர். அந்த வெள்ளிப் பூச்சைச் சுரண்டினாத்தானே ரகசிய நம்பர் தெரியும்? அதைப் போட்டாத்தானே ஃபைலு திறக்கும்? எங்கே, சுரண்டியிருக்கா சொல்லுங்க. நகம்கூடப் படல.

— சுரண்டலையா? ஏன்?

— ஏன்னா நான் ஒரு முட்டாள் மிஸ்டர். கத்திரிக்காயைக் குடைஞ்சு, திராட்சை இலையைச் சுருட்டி, ஆபீஸ் போற பொம்பளைங்களுக்கு விக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியுது? கார்டு வாங்கக் காசு பத்தல. பஸ்மலாவோட போனை வித்தேன். வித்த காசுல இந்தக் கார்டை வாங்கி, ஏதோ கஜானா சாவியைக் கொண்டுபோற மாதிரி கொண்டுபோய் அவ கையில குடுத்தேன். "அம்மா, இதைத் திறக்கப் போன் வேணுமே"ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா மிஸ்டர். நான் அழுதுடக் கூடாதுன்னு விழுந்து விழுந்து சிரிச்சா.

— அப்போ இத்தனை நாள் எதைப் பார்த்துப் படிச்சா?

— சிநேகிதி வீட்டுக்குப் போய், அந்தப் பொண்ணு போனைப் பார்த்து, கையால எழுதிக்கிட்டா. விரல் வீங்கிப்போச்சு. அதுவும் திருட்டுன்னா அந்தக் குத்தத்தை நான் ஒத்துக்கறேன், என்னை ஸ்டேஷனுக்கு அனுப்புங்க. ஆனா திறக்காத ஃபைலை என் பொண்ணு எப்படி ஊருக்கு அனுப்பினா? அதை மட்டும் லாஜிக்கா சொல்லுங்க.

— அம்மா, அது வந்து... சிஸ்டத்துல சில சமயம் கோளாறு...

— கோளாறு சரியாத் தேடிப்பிடிச்சு என் பொண்ணு மேல வந்து விழுந்துச்சா தம்பி? கத்திரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகணும். நான் தினம் கையில பிடிக்கிற காய், எனக்குத் தெரியாதா?

— ஃபிக்ரி.

— மிஸ்டர்.

— கார்டுக்குள்ள இருக்கற ரகசிய நம்பர் லிஸ்ட் யார்கிட்ட இருக்கு?

— மிஸ்டர், அது உங்களுக்கே...

— யார்கிட்ட இருக்குன்னு கேட்டேன்!

— என்கிட்ட.

— அப்போ சுரண்டாத கார்டை ஆபீஸ்ல உட்கார்ந்து திறந்தது யாரு? ஏன்டா, என் சோத்தைத் தின்னுட்டு என் கழுத்தையே அறுப்பியா? ஒரு பச்சைப் பிள்ளை பேரைக் கெடுத்து... சீ! உன்னைத் தம்பியா நெனச்சேனே!

— மிஸ்டர், நான் என்ன...

— வாயை மூடு! ஒரு வார்த்தை வரக் கூடாது.

— நீயா தம்பி? நீயா? உன்னை நம்பித்தானேய்யா நம்பரைக் குடுத்தேன். எழுதத் தெரியாதுன்னு உன் கையாலயே எழுதச் சொன்னேனே. உனக்கு நாங்க என்ன பாவம் பண்ணினோம்?

— என்னை அப்படிப் பார்க்காதீங்கம்மா.

— உன்னைப் பார்க்கவே எனக்குக் கூசுது.

— உம்மு பஸ்மலா, அழாதீங்க. உட்காருங்க. தப்பு என் வீட்டுக்குள்ளதான் நடந்திருக்கு. நான் தலை குனியறேன்.

— உங்க தலை எனக்கு எதுக்கு மிஸ்டர்? அதே குரூப்ல, அதே பெரிய எழுத்துல, என் பொண்ணு திருடி இல்லேன்னு போடுங்க. அது போதும்.

— போட்டுடறேன்.

— எப்போ?

— இப்பவே போடறேன். பஸ்மலா எங்கே?

— கீழே நிக்கறா. மேல வர வெட்கம். ஒண்ணு சொல்லட்டுமா மிஸ்டர்? நான் உங்களைத் திட்டாத திட்டு இல்ல. ஆனா அவ ஒரு வார்த்தை உங்களைச் சொல்ல விடல. "மிஸ்டர் அப்படிப்பட்டவர் இல்லம்மா, யாரோ அவருக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க"ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தா. அவதான் சரி. நான்தான் பாவி.

— கூட்டிட்டு வாங்க அவளை. சனிக்கிழமை வரைக்கும் நானே பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தர்றேன். காசு வேண்டாம்.

— அல்லா உங்க பிள்ளைங்களை நல்லா வெக்கட்டும். தகப்பன் இல்லாத பொண்ணு மிஸ்டர். நீங்கதான் அவளுக்குத் தகப்பன் மாதிரி. இருங்க, இதோ படிக்கட்டுல நின்னு குரல் குடுத்து அவளை மேல அனுப்பறேன். இந்த முழங்காலோட என்னால படி இறங்க முடியாது, லிஃப்ட்லயே போறேன்.

— பார்த்துப் போங்க.

— போயிட்டாங்க மிஸ்டர்.

— கதவைச் சாத்து ஃபிக்ரி.

— சாத்தினா நிக்காது. தாழ்ப்பாள் போய் ஒரு மாசமாச்சு. ஃபைலுக்குத்தானே நீங்க பூட்டு வாங்கறீங்க.

— குத்திப் பேசாதே. வேற வழி இல்ல, உன் பேரைச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

— சோத்தைத் தின்னுட்டுக் கழுத்தை அறுத்தேனாம். பதினோரு வருஷம் மிஸ்டர். நல்லா இருந்துச்சு கேக்கறதுக்கு.

— அந்தம்மா கார்டைச் சுரண்டாம வெச்சிருப்பான்னு யார் கண்டா? நீ முதல்லயே பார்த்திருக்கணும்.

— அதுவும் என் தப்பா? சரி. இப்போ குரூப்ல என்னன்னு போடறது?

— ஒண்ணும் போடாதே.

— இப்பவே போடறேன்னு சொன்னீங்களே!

— பரீட்சை முடியட்டும். அப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது? அந்தப் பதிவைப் போட்டதுலருந்து ஒரு பிள்ளையாவது நோட்ஸை வெளிய விட்டுச்சா? பயம் வேலை செய்யுது. இப்போ போய் அதைக் கலைக்காதே.

— அந்தப் பொண்ணு?

— நாலு நாள் நல்லாச் சொல்லிக்குடுத்தா ஆறிடும். சின்னப் பிள்ளைதானே.

— அந்தம்மா பார்த்த பார்வை...

— பொம்பளை மாதிரி பேசாதே.

— பேசத்தான் போறேன். நிஜமாத் திருடுறவன் எவனும் மாட்டல. எல்லாரும் நம்பரை அழிச்சுட்டுத்தான் அனுப்பறாங்க. யாரையாவது ஒருத்தரைப் பிடிச்சு நடுத்தெருவுல நிறுத்தினாத்தான் மத்தவங்க பயப்படுவாங்கன்னு சொன்னது நீங்க. பன்னிரண்டு பக்கத்தை எடுத்து நீயே டெலிகிராம்ல விடுடான்னு சொன்னதும் நீங்க. யாரோட நம்பர்லன்னு நான் கேட்டேன். வளைகுடாவுல வேலை பார்க்கறவன் பிள்ளை யாராவது போடலாம், அவங்க தாங்கிக்குவாங்கன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?

— மெதுவாப் பேசு.

— "வேண்டாம், அவங்க அப்பன் வக்கீலோட வந்து நிப்பான். அப்பன் இல்லாத பொண்ணாப் பாரு"ன்னீங்க. லிஸ்ட்ல அந்தப் பேரு மேல விரலை வெச்சதே நீங்கதானே மிஸ்டர்?

— அம்மா இன்னும் லிஃப்டுக்குத்தான் நிக்கறாங்க, மிஸ்டர். எனக்குப் பொறுக்கல, படியேறி ஓடி வந்துட்டேன்... உங்களுக்கு நன்றி சொல்ல.