மூடும் குறிக்கு மேசையில் ஒரு தட்டு

மட்டுநகர் வாவிமுகம் மென்பொருளகத்தின் மூத்த நிரலாளராய்ப் பணியாற்றி ஓய்வுபெறும் திருமதி மேர்லின் ஜெராட் அவர்களுக்கு, உடன்பணிபுரிவோர் உளமுவந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

திறந்த குறியை மூடாமல் இருக்கை விட்டு எழாத திறத்தவரே! அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள்ளும் அடைப்புக்குறி என அடுக்கடுக்காய் எழுதி எங்களை அலையவைத்த அறிவுடையவரே! சண்டை பிடித்த கையோடு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நீட்டும் சால்புடையவரே! எங்கள் மேர்லின் அக்காவே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பை ஊழியர்கள் என் தலையில் கட்டியது வெறும் குறும்பு. அடைப்புக்குறியே வேண்டாம், வரியை உள்ளே தள்ளி எழுதினாலே கண்ணுக்கு விளங்கும் என்று தங்களோடு ஆண்டுக்கணக்காய் மல்லுக்கட்டிய சிவதர்ஷன் நான்தானே! "அக்கா, இது நிரலா, மீன்வலையா?" என்று நான் சீண்டுவேன். "உங்கட நிரலில எது எங்க முடியிதெண்டு ஆருக்குத் தம்பி தெரியும்?" என்று தாங்கள் திருப்பிக் கொடுப்பீர்கள். நம்மோடு நிரலெழுதும் ஆர்த்திகா தேநீரை வைத்துவிட்டு, எந்தப் பக்கமும் சேராமல் நழுவிவிடுவார்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் வட்டை எனும் வயற்பிரிவுகளில் எதற்கு எப்போது தண்ணீர் வரும் என்று கணித்து, விவசாயிகளின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் நிரல் தங்கள் கைவண்ணம். மதகு திறந்திருந்தால், அதற்குள் மழை இல்லாதிருந்தால், அதற்குள்ளும் மேல்வட்டை பாய்ந்து முடிந்திருந்தால் என ஒவ்வொரு நிபந்தனையையும் அடைப்புக்குறிக்குள் பூட்டி வைத்தீர்கள். அதைச் சரிபார்க்கத் தாங்கள் கண்ட வழக்கமும் புதுமையானது. ஒருவர் நிரலை உரக்க வாசிக்க, மூடும் குறி வரும்போதெல்லாம் மற்றவர் மேசையில் ஒரு தட்டுத் தட்டவேண்டும். அந்தச் சத்தத்தில் எனக்குத் தலையிடி வந்த நாட்கள் அநேகம்.

தாங்கள் ஓய்வுபெறும் செய்தி வந்ததும், எங்களால் வாசிக்க முடியாத அந்த நிரலை எறிந்துவிட்டுப் புதிதாய் எழுதுவது என்று கூட்டத்தில் முடிவாயிற்று. முன்மொழிந்தவன் நானே. தாங்கள் கோபிக்கவில்லை; முகம் மட்டும் வாடிற்று. "வாசிக்க ஏலாதெண்டு எறியாதீங்க தம்பி. வாசிச்சிப் பார்த்திட்டு, புடிக்கல்லெண்டா எறிங்க" என்றீர்கள்.

நான் கேட்டேனா? என் விருப்பப்படி, வரியின் முன் விடும் இடைவெளியே எந்த வரி எந்த நிபந்தனைக்குள் அடங்கும் என்று காட்டும் மொழியில் எழுதலானேன். ஒரு பகுதியை அவசரத்தில் ஆர்த்திகாவுக்குக் கைபேசியில் அனுப்ப, வழியில் இடைவெளிகள் அத்தனையும் மறைந்துபோயின. அவர் தம் ஊகப்படி வரிகளைத் தள்ளி வைத்தார். செய்தி அனுப்பும் வரி, மதகு திறந்திருக்கிறதா என்று பார்க்கும் நிபந்தனைக்கு வெளியே வந்து நின்றது. மறுநாள் காலை எல்லா வட்டைக்கும் "இன்று தண்ணீர்" என்று செய்தி போயிற்று! விவசாயி யோகராசா அண்ணர் மண்வெட்டியோடு வாசலில் நின்றார். "தம்பி, வாய்க்கால் காஞ்சி கிடக்கு. உங்கட செய்தி மட்டும்தான் பாயிது!"

ஐயோ, அன்று தாங்கள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கலாம்! சிரிக்கவில்லை. "என்ட மூடும் குறியும் ஒருக்கா இடம் மாறி, ரெண்டு வட்டைக்கு ஒரே நாளில தண்ணியெண்டு செய்தி குடுத்தது. இருங்க அண்ணன், தேத்தண்ணி குடிங்க" என்று அவரை இருத்தினீர்கள். பழைய நிரலை அன்றே ஓடவிட்டீர்கள். அதோடு நின்றீர்களா? நான் இத்தனை காலம் கேட்டுச் சலித்த விதமாகவே, தங்கள் நிரல் முழுவதையும் வரி வரியாய் உள்ளே தள்ளி அடுக்கித் தந்தீர்கள். அடைப்புக்குறி ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கடந்த வெள்ளி பிற்பகல் முழு நிரலையும் நான் உரக்க வாசித்தேன். தாங்கள் தட்டிக்கொண்டே வந்தீர்கள். ஒரு தட்டும் பிசகவில்லை. கடைசிக் குறி வந்தபோது தங்கள் கை எழவில்லை. "அது உங்கட தட்டு, தம்பி. நீங்களே தட்டுங்க" என்றீர்கள். தட்டினேன். கண் கலங்கியது எனக்கா தங்களுக்கா என்று ஆர்த்திகாவோடு இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

ஜெராட் அண்ணரோடும் பிள்ளைகளோடும் நோய்நொடியின்றி, வாவிக்காற்று வாங்கி, வாதாட வலுக்குறையாமல் தாங்கள் நெடுங்காலம் நிறைவாய் வாழ இறைவனை வேண்டுகிறோம். அந்த நிரல் இனி எங்கள் பொறுப்பு. வாசித்துப் பார்த்துவிட்டோம் அக்கா. புடிச்சிருக்கு.

அன்பு குறையாத,
வாவிமுகம் மென்பொருளக ஊழியர்கள்
மட்டக்களப்பு