போர்வைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்

துலூத் நகர ஒலி ரசிகர் சங்கத்தின் தலைமை நாற்காலியையும், இசை மிகச் சிறப்பாகக் கேட்கும் நடு நாற்காலியையும் ஒருசேர அலங்கரித்து வரும் தலைவர் கோர்டி ஹால்வர்சன் அவர்களே! வால்வு ஆம்ப்ளிஃபயர் காலம் தொட்டுச் சங்கத்தைத் தாங்கி வரும் மூத்தவர்களே! நாங்கள் கம்பிகளுக்காகச் சண்டையிடும்போதெல்லாம் அலுக்காமல் காப்பி ஊற்றித் தந்த தாய்மார்களே! ஏரிக்காற்றுக்கு அஞ்சாமல் இந்தத் தேவாலயக் கீழ்த்தளத்தை நிறைத்திருக்கும் நண்பர்களே! அனைவருக்கும் லைல் சோரன்சனின் வணக்கம்.

இந்த மேடை எனக்குக் கிடைத்து நெடுங்காலம் ஆயிற்று. மலிவான டேக் போதும் என்று நான் எழுதிய கட்டுரையைச் சங்க இதழ் திருப்பி அனுப்பிய நாள் முதல், என் இடம் அறையைச் சூடாக்கும் அந்த வெப்பக் குழாயின் பக்கம்தான். பாட்டின் பாதியைக் குழாயின் சீற்றம் விழுங்கும். மீதியை என் கசப்பு விழுங்கும். சிரியுங்கள், தடையில்லை. டென்னி, நீ மட்டும் சிரிக்காதே. திருப்பி அனுப்பிய ஆசிரியர் நீ!

டேக் என்பது என்ன? கணினிக்குள் வெறும் எண்களாக உறங்கும் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் மின் அலையாக எழுப்பித் தருகிற பெட்டி. அவ்வளவுதான். அந்தச் சின்னப் பெட்டிக்கு நாம் சூட்டிய மகுடங்கள் எத்தனை! அடித்த ஆரத்திகள் எத்தனை! அதை வாங்க இயலாதவரை நாம் பார்த்த பார்வைகள் எத்தனை!

அந்தப் பார்வைக்கு ஆளானவர் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அர்லீன் மட்டிலா. இந்தத் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துபவர். அவர் அனுமதியோடுதான் பேசுகிறேன். அவர் கணவர் ராய்ஸ் சென்ற வசந்தத்தில் மறைந்தார். குழுவின் பாடல்களையெல்லாம் ஒலிப்பதிவு செய்தவர் அவர். வீட்டிலுள்ள ஸ்பீக்கர்களையும் தம் கையாலேயே செய்தவர். அந்தப் பதிவுகளை அந்த ஸ்பீக்கர்களில் கேட்க வேண்டும், இதுதான் அர்லீனின் ஆசை. மடிக்கணினியை நேரே இணைத்தார். ‘உஸ்’ என்ற இரைச்சலும் ‘கொர்ர்’ என்ற முனகலும் பாட்டை மூடின. வழி கேட்டு நம்மிடம் வந்தார்.

நாம் என்ன வழி சொன்னோம்?

“அர்லீன், மலிவா வாங்கி ஏமாந்துடாதீங்க. என்கிட்ட இருக்கிற மாதிரி ஒண்ணு வாங்குங்க” என்றார் தலைவர்.

“அவ்வளவுக்கு நான் எங்க போவேன் கோர்டி?”

“அந்த வீட்டு ஸ்பீக்கரை வித்துடுங்க. நல்ல டேக் இருந்தா எந்த ஸ்பீக்கரும் பாடும்.”

கோர்டி, முகத்தைத் திருப்ப வேண்டாம். நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மையார் விளம்பரம் கொடுத்துவிட்டார். வாங்க வருகிறவர் சனிக்கிழமை டிரக்கோடு வருவதாக இருந்தது!

சென்ற மாதக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு போர்வையைக் கட்டினோம். அதன் பின்னால் தலைவரின் டேக்கும், சிகரெட் பெட்டி அளவுள்ள என் டேக்கும். ஒலித்தது ராய்ஸ் செய்த பதிவு. பாடியது அவர் செய்த ஸ்பீக்கர். முதல் பெட்டி ஒலித்தது. “அடேங்கப்பா! திரையே விலகின மாதிரி இருக்கே!” என்றான் டென்னி. இரண்டாவது ஒலித்தது. “இது தகர டப்பா” என்றார் தலைவர். எல்லாத் தலைகளும் ஆடின. முதல் பெட்டி தலைவருடையது. என் முகம் எப்படி இருந்திருக்கும்? வெப்பக் குழாயைக் கேளுங்கள்!

அப்போது அர்லீன் எழுந்தார்.

“கோர்டி, உன் பெட்டி கொஞ்சம் சத்தமாப் பாடுது. அதுதான் வித்தியாசம்.”

“இல்லம்மா, அதுல ஆழம் இருக்கு.”

“என் குழுவிலயும் சத்தமாப் பாடுறவங்க எல்லாம் ஆழமாப் பாடுறதாத்தான் நினைக்கிறாங்க. ரெண்டையும் சமமா வச்சுப் போடேன் பார்ப்போம்.”

தாய்மார்கள் கைதட்டுகிறீர்கள். அன்றும் தட்டினீர்கள். ஒலியளவை அளக்கும் மீட்டர் வந்தது, இரண்டும் ஒரே அளவுக்கு வந்தன. மறுபடி போர்வை, மறுபடி பாட்டு. இம்முறை தலைகள் ஆடவில்லை. டென்னி கூரையைப் பார்த்தான். தலைவர் நெடுநேரம் கண்ணை மூடிக் கேட்டு, “இதுதான் என்னுது. இந்த வெதுவெதுப்பு எனக்குத் தெரியாதா?” என்றார். போர்வை விலகியது. அவர் விரல் நீண்டிருந்தது என் பெட்டியை நோக்கி!

நான் ஆடிப்பாடியிருக்க வேண்டாமா? காத்திருந்த கணம் அல்லவா அது? ஆனால் எனக்கும் எது எதுவென்று தெரியவில்லை, நண்பர்களே. என் சொந்தப் பெட்டியை என் சொந்தக் காதால் அறிய முடியவில்லை. வெல்ல வந்தவன் வெறுங்கையோடு நின்றேன்.

அர்லீன் மட்டும் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். “எது எதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி ராய்ஸ் இருமுறார். ரெண்டுலயும் கேக்குது” என்றார்.

சபையோரே! அந்த இருமலைத்தான் இரைச்சல் இத்தனை நாளும் மூடி வைத்திருந்தது. அந்த இருமலைக் கேட்கத்தான் அவர் நம் படியிறங்கி வந்தார். அதைக் கேட்கச் செய்த ஸ்பீக்கரையல்லவா நாம் விற்கச் சொன்னோம்! அன்றே அவர் வாங்க வரவிருந்தவரைத் தொலைபேசியில் அழைத்து, ‘வர வேண்டாம்’ என்றார்.

ஆகவே புதிதாக டேக் வாங்குவோருக்குச் சொல்கிறேன். உங்கள் கணினியில் அது பொருந்துகிறதா? பாட்டே இல்லாதபோது ஒலியைக் கூட்டினாலும் அமைதியாக இருக்கிறதா? உங்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் போதிய பலம் தருகிறதா? பிடிக்காவிட்டால் கடை திரும்ப எடுத்துக்கொள்ளுமா? மலிவான பெட்டி இவற்றுக்கு ஆம் என்றால் அதையே வாங்குங்கள். விலை உயர்ந்தது பிடித்திருந்தால் அதையும் வாங்குங்கள். அழகாக இருக்கிறது என்று சொல்லி வாங்குங்கள். ஆனால் காதின் பெயரால் இன்னொருவரை அச்சுறுத்தாதீர்கள்! இச்சங்கத்திடம் நான் கேட்பது ஒன்றே: ஒலியளவைச் சமமாக்காமல், போர்வையைக் கட்டாமல், இனி எந்தப் புதியவருக்கும் எதையும் விற்கச் சொல்லாதீர்கள், எதையும் வாங்கச் சொல்லாதீர்கள்!

தலைவர் அன்று நான் சொன்னது சரி என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அன்று கூட்டம் முடிந்து கார் கண்ணாடியில் நான் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, “லைல், அந்தச் சின்னப் பெட்டியை எங்கப்பா வாங்கின?” என்றார். எனக்கு அது போதவில்லை. ஆனாலும் கடையின் பெயரைச் சொன்னேன்.

சற்று நேரத்தில் ராய்ஸின் பதிவு ஒலிக்கும். தலைவர் அவர்களே, நடு நாற்காலியை அர்லீனுக்கு விட்டுத்தாருங்கள். எழுந்துவிட்டீர்களா? நன்றி. வெப்பக் குழாயின் பக்கம் என்னருகே இடம் இருக்கிறது, வாருங்கள். குழாயை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். பாட்டுக்கு முன்னால் ஓர் இருமல் வரும். அதற்குக் கைதட்டிவிடாதீர்கள்.