வெள்ளச்சியின் வயிறு

— குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, அண்ணாச்சி. உள்ள போனது கீழதான் போகணும், இல்லன்னா அங்கேயே கெடக்கணும். அதான் கேக்கேன், நேத்து என்ன போட்டீங்க?

— வழக்கமா போடறதுதான், அனிஷா டாக்டரம்மா.

— யோவ் ரகுபதி! அவங்களாண்ட இன்னாய்யா மறைக்கற? ஒண்ணுமே போடலன்னு சொல்லேன்!

— நீ சும்மா இரு, மங்கா. பேஜாரு பண்ணாத. கயித்த புடி, மறுபடி உருளப் போவுது.

— முந்தாநேத்தே வைக்கோல எடுத்து பரண்ல போட்டுட்டாரு, டாக்டரம்மா. நேத்து தண்ணியும் காட்டல. என் கண்ணு, வெறுந்தொட்டிய நக்கிகினு நின்னுச்சு.

— பட்டினியா? ஏன் அண்ணாச்சி?

— ஏன்னா... போன முகூர்த்தத்துல, தண்டையார்பேட்ட மண்டப வாசல்ல, மாப்ள ஏறுற நேரத்துல லத்தி போட்டுடுச்சு. செவப்பு கம்பளத்து மேல, வீடியோக்காரன் எதுர்ல. பொண்ணு வூட்டுக்காரனுங்க என் சட்டைய கிழிச்சுட்டானுங்க. இன்னொரு தபா ஆச்சுன்னா வேற குதிரை பாத்துக்கறேன்னு ஏஜெண்டு சொல்லிட்டான். நேத்தும் ஒரு கல்யாணம். உள்ள ஒண்ணும் இல்லன்னா வெளிய இன்னா வரும்? அதான்.

— இது நாள் பூரா மேயுற சாதி, பாத்துக்கிடுங்க. இம்புட்டு இம்புட்டா உள்ள போய்க்கிட்டே இருக்கணும். வயித்த காயப் போட்டா குடல் அசையாம நின்னுரும். சரி, கல்யாணம் முடிஞ்சு வந்த பொறவு?

— அத அவளாண்ட கேளு! நான் ஜோடனைய எல்லாம் கழட்டி வச்சுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா கூடை காலி. ஒரு கூடை கொள்ளு, டாக்டரம்மா! ஊறக்கூட வைக்கல.

— பசில என் முந்தானைய கடிச்சு இழுக்குதுய்யா! நான் மீனு மூடற சாக்க தின்னப் பாக்குது. ஊற வச்சுகினு உக்கார சொல்றியா? அள்ளி அள்ளி வச்சேன். எப்டி தின்னுச்சு தெரியுமா... அப்பால ரெண்டு பக்கெட்டு தண்ணி.

— கேட்டியா டாக்டரம்மா? கொள்ள கொட்டினது யாரு? நானா? சொல்லுடி!

— பட்டினி போட்டது யாரு?

— சண்டைய பொறவு போடுங்க. ரெண்டுந்தான். காஞ்ச கொள்ளு, அதுக்கு மேல தண்ணி. உள்ள உப்பிப் போய் நிக்கி. அக்கா, தலைய தூக்கிப் பிடிங்க, மூக்கு வழியா குழாய் விடுதேன்... பொறுத்துக்கம்மா, பொறுத்துக்க...

— வெளிய வருதா, டாக்டரம்மா?

— எங்க வருது, அக்கா! கொள்ளு வந்து குழாய அடைக்கி. வயித்துல காது வச்சா சத்தமே இல்ல. நல்ல வயிறுன்னா அலை மாதிரி இரைஞ்சுகிட்டே கெடக்கும். இது பெரிய ஆஸ்பத்திரில திறந்து பாக்க வேண்டிய கேசு. வண்டி எங்க, அண்ணாச்சி?

— ஜெகதீசன் டெம்போ எடுத்துகினு வரான். எர்ணாவூராண்ட கண்டெய்னரு வரிசைல மாட்டிகினு கீறானாம். முன்னாலயும் போவ முடில, பின்னாலயும் வர முடிலன்னு போன்ல கத்தறான்.

— யோவ், உருளுதுய்யா! செவுத்துல இடிச்சுக்குது! என் கண்ணு, என் தாயி, ஏந்துரு...

— இழு மங்கா! கயித்த இழு! ஏ வெள்ளச்சி! படகு ஒடஞ்சு நான் கைய பெசஞ்சுகினு நின்னப்போ எங்களுக்கு சோறு போட்டவ நீ. ஏந்துரு!

— விலகுங்க ரெண்டு பேரும்! கால வீசுது, பட்டா எலும்பு போயிரும்!

— டாக்டரம்மா... ஏந்துட்டா. பாத்தியா? ஏந்து நின்னுட்டா!

— ஆமா மங்கா. ஒதைக்கல. வயித்த திரும்பித் திரும்பி பாத்துகினு இருந்துச்சே, அதுவும் இல்ல.

— வலி நின்னுடுச்சுய்யா! தாயே, வடிவுடையம்மா! கம்முனு நிக்கறா பாரு. ஒடம்பெல்லாம் வேர்வ. இரு, துணி எடுத்தாந்து தொடைக்கறேன். ஜெகதீசன மெதுவாவே வரச் சொல்லு.

— அக்கா உள்ள போயிட்டாங்களா? அண்ணாச்சி, இங்க வாங்க. உதட்ட விலக்குதேன், ஈறப் பாருங்க.

— இன்னாது, ஊதாவா கீது?

— காதத் தொடுங்க.

— சில்லுனு கீது. இம்மாம் வெயில்ல இன்னாத்துக்கு... அதான் வலி நின்னுடுச்சே, டாக்டரம்மா?

— இரைப்பை கிழிஞ்சிட்டு, அண்ணாச்சி. கிழியுத வரைக்கும்தான் அந்த வலி. கிழிஞ்சா நின்னுரும்.

— தைக்க முடியாதா? வண்டி வந்துடும்...

— முடியாது. தின்னதெல்லாம் வயித்துக்குள்ள கொட்டிட்டு. கொஞ்சத்துல விழுந்துரும், பொறவு சாகுத வரைக்கும் துடிக்கும். அதுக்கு முன்னால ஊசி போட்டு தூங்க வைக்கலாம். நீங்க சரின்னு சொல்லணும்.

— கொள்ளாலயா?

— பட்டினி மட்டும்னா பெரும்பாலும் தேத்திருக்கலாம். கிழிச்சது கொள்ளுதான்.

— ...போடு.

— இந்தா, துணி கொணாந்துட்டேன். இன்னாய்யா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? டாக்டரம்மா, நீ சொல்லு. இனிமே இதுக்கு இன்னா தீனி போடணும்? இந்த ஆளு பேச்ச நான் கேக்கப் போறதில்ல. நீ சொல்றதுதான்.

— அக்கா, வந்து...

— சொல்லு தாயி, மறக்க மாட்டேன்.

— புல்லு. நாள் பூரா புல்லு. தரையில போடாதீங்க, மணலும் சேந்து உள்ள போகும். வலையில கட்டித் தொங்கவிடணும்.

— வலைக்கா பஞ்சம் எங்க வூட்ல? கிழிஞ்சது எம்மாங் கீது. அப்பால?

— தொட்டியில எப்பவும் தண்ணி. கொள்ளுன்னா ஊற வச்சு, வேக வச்சு, ஒரு கை. பட்டினி கெடந்த குதிரைக்கு மொதல்ல... மொதல்ல கொஞ்சம் தண்ணி. பொறவு புல்லு மட்டுந்தான், அக்கா.

— அப்போ கொள்ளு ஆவாதா? டாக்டரம்மா, இன்னாத்துக்கு நீ அழுவற? யோவ், இன்னாய்யா? நான் போட்ட கொள்ளாலயா? சொல்லுய்யா, நான் போட்டதாலயா?

— கொள்ளுல ஒண்ணும் இல்லடி, இப்பதான் டாக்டரம்மா சொன்னாங்க, எல்லாம் நான் போட்ட பட்டினியாலதானாம். கடைசியா அது வயிறு நெறைய தின்னது உன் கையாலதான், வா, வந்து தலைய புடிச்சுக்கோ.